அவ்வளவு கன்னு யாரு நட்டாங்க? ஷின்யாங்கா காடுகள் பற்றி வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளியில தான்சானியாவுல ஷின்யாங்கா பக்கத்துக் கிராமங்கள்ல காடு திரும்பி வந்ததை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். அதை ஒட்டி நிறைய பேர் எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தர் எழுதினதை அப்படியே படிக்கிறேன்.

"ஐயா, லட்சக்கணக்கான ஏக்கர்ல காடு வந்துச்சுன்னு சொன்னீங்க. அவ்வளவு கன்னு யாரு நட்டாங்க? தண்ணி யாரு ஊத்தினாங்க? எங்க பள்ளியில வருஷா வருஷம் நடறோம், கோடை முடியறப்ப பாதிகூட மிஞ்ச மாட்டேங்குது. அப்புறம், கிராம மக்களே செஞ்சாங்கன்னு சொல்றீங்க. நெசமாவே மக்கள்தானா, இல்ல வெளிநாட்டுப் பணமா?"

ரொம்ப நல்ல கேள்விங்க. முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லணும்னா, அந்தக் காட்டுல பெரும்பகுதியை யாரும் நடல. தண்ணியும் ஊத்தல. மண்ணுக்குள்ள உசுரோட கெடந்த வேர்லேர்ந்தும் அடிக்கட்டையிலேர்ந்தும் அது தானா வந்துச்சு. ஆனா தானா வர்றதுக்கு ஒரு ஊரே சேந்து வழி விடணும். அதுதான் கஷ்டமான வேலை. அந்த வேலை என்னன்னு இன்னைக்குக் கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ஷின்யாங்கா எங்க இருக்குன்னா, தான்சானியாவோட வடமேற்குப் பக்கம், விக்டோரியா ஏரிக்குத் தெற்க. அங்க இருக்கறவங்க சுக்குமா மக்கள். தான்சானியாவுலயே எண்ணிக்கையில பெரிய இனம் அவங்கதான். வெள்ளாமையும் உண்டு, மாடும் உண்டு. மாடுதான் அவங்களுக்குச் சொத்து, கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குக் கொடுக்கற பரிசம், சேமிப்பு எல்லாமே. மழை வருஷத்துக்கு 600லேர்ந்து 800 மில்லிமீட்டர் பெய்யும். அதுவும் சில மாசத்துல பெஞ்சு முடிஞ்சிடும். மிச்ச மாசம் முழுக்க நிலம் காஞ்சுதான் கெடக்கும்.

அப்ப மாட்டுக்கு என்ன போடறது? அதுக்கு அவங்க முன்னோர்கள் ஒரு வழி வச்சிருந்தாங்க. பேரு 'ங்கிதிலி'. நமக்குச் சொல்ல வராத மாதிரி இருக்கும், மூக்கொலியில ஆரம்பிக்கிற சொல். மழை தொடங்கினதும் ஒரு துண்டு நிலத்தை மூடிடுவாங்க. மாடு உள்ள போகக் கூடாது, யாரும் வெட்டக் கூடாது. புல்லு, செடி, மரம் எல்லாம் அதுபாட்டுக்கு வளரும். ஜூலை, ஆகஸ்ட்ல வெளியில எங்கயும் ஒரு பச்சை இல்லேங்கறப்பத்தான் தொறப்பாங்க. பஞ்சத்துக்குன்னு மூடி வச்ச குதிர் மாதிரின்னு வச்சுக்கங்க, தானியத்துக்குப் பதிலா மேய்ச்சல். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான ங்கிதிலியும் உண்டு, ஊருக்குப் பொதுவானதும் உண்டு.

இவ்வளவு நல்ல வழக்கம் இருந்த இடம் எப்படிப் பாலையாச்சு? இதைச் சொல்லாம விட்டா அந்த மக்கள்தான் காட்டை அழிச்சாங்கங்கற மாதிரி ஆயிடும். அது நியாயம் இல்ல.

அங்க செட்சி ஈன்னு ஒரு ஈ. மனுஷனுக்குத் தூக்க நோய் தரும், மாட்டுக்கு நகானாங்கற நோய் தரும். அந்த ஈ புதர்க்காட்டு நிழல்ல வாழறது. அதனால பிரிட்டிஷ் ஆட்சியில, 1920கள்லேர்ந்து, காட்டையே வெட்டித் தள்ளு, ஈ போயிடும்னு முடிவு பண்ணாங்க. செட்சி ஈ ஆராய்ச்சிக்குத் தலைமையிடமே ஷின்யாங்காவுலதான் இருந்துச்சு. அப்படிப் பெரிய பெரிய பரப்பைச் சுத்தமா வெட்டினாங்க. அப்புறம் பணப்பயிர்னு பருத்தி வந்துச்சு, அதுக்கு நிலம் வேணும். மாடும் பெருகிச்சு.

இத்தனைக்கும் நடுவுல ங்கிதிலி ஏதோ கொஞ்சம் தாக்குப்பிடிச்சுது. அதோட இடுப்பை ஒடிச்சது 1970கள்ல நடந்த உஜாமா குடியேற்றம். சிதறிக் கெடந்த குடும்பங்களை எல்லாம் ஒரே இடத்துல கிராமமாச் சேர்க்கணும், அப்பத்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணி கொடுக்க முடியும்னு தான்சானியாவோட முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயோட அரசு நினைச்சுது. நோக்கத்தை நான் குறை சொல்லல. ஆனா ஆளு இங்க வந்துட்டா, அவங்க தாத்தா காலத்துலேர்ந்து காவல் காத்த ங்கிதிலி அங்க அனாதையா நிக்கும். எது யாருடையதுங்கற கணக்கே கலைஞ்சு போச்சு. யாருக்கும் சொந்தமில்லாததை யாரு வேணா வெட்டுவாங்க இல்லையா?

1980கள் நடுவுல நிலைமை என்னன்னா, அடுப்பெரிக்க விறகு இல்ல. வயலுக்கு எருவாப் போகவேண்டிய சாணியை எரிச்சாங்க, பருத்திமாரைப் பிடுங்கி எரிச்சாங்க. விறகுக்காகப் பொம்பளைங்க நாள் முழுக்க நடந்தாங்க. 1984ல அங்க போய்ப் பாத்த நைரேரே, இது தான்சானியாவோட பாலைவனம்னு சொன்னார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1986ல, ஹாஷின்னு ஒரு அரசுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 'ஹிஃபாதி அர்தி ஷின்யாங்கா', அதாவது ஷின்யாங்கா மண் காப்புங்கறதோட சுருக்கம்தான் ஹாஷி.

இங்கதான் ஆசிரியை அம்மாவோட கேள்விக்கு வர்றோம். ஹாஷி முதல்ல என்ன செஞ்சுது தெரியுமா? நீங்களும் நானும் செய்யறதையேதான். நாத்தங்கால் போடு, வெளியூர் மரக் கன்னு வளர்த்துக் கொடு, ஜனங்களை நடச் சொல்லு. பெருசா பலன் இல்ல. மாட்டுக்காரனுக்கு என்ன தேவையோ அது அந்தக் கன்னுல இல்ல. காஞ்ச காலத்துல அதுக்குத் தண்ணி ஊத்த ஆளும் இல்ல, தண்ணியும் இல்ல. அதுக்கப்புறம்தான் திட்டத்து ஆளுங்க ஊர்ல உக்காந்து, உங்க பழைய வழக்கம் என்னன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. பெரியவங்க ங்கிதிலியைச் சொன்னாங்க. அந்த நேரத்துல ஷின்யாங்கா முழுக்கத் தேடினா, பதிவுல இருந்த ங்கிதிலி சுமார் 600 ஹெக்டேர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1,500 ஏக்கர்தான்.

மூடின நிலத்துல என்ன நடக்கும்னு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மேல பாத்தா மொட்டை. கீழ வேர் செத்திருக்காது. வருஷா வருஷம் மழைக்குத் துளிர்க்கும், மாடு வந்து கடிச்சிடும், இல்ல யாராவது விறகுக்கு ஒடிச்சிடுவாங்க. அதனால அது முழங்கால் உயரப் புதராவே நிக்கும். அதை நாம முள்ளுப்புதர்னு நினைக்கிறோம். அது புதர் இல்லீங்க, வளரவிடாத மரம். ஒரு ரெண்டு மூணு மழைக்காலம் யாரும் தொடாம விட்டா, ஏற்கெனவே ஆழத்துல இருக்கற வேரோட பலத்துல சரசரன்னு ஏறிடும். நாம நடற கன்னு முதல் கோடைக்குள்ள வேரைத் தண்ணி இருக்கற ஆழத்துக்கு இறக்கணும். அந்தப் போராட்டமே இதுக்கு இல்ல. விதையும் கூடவே வரும். வேல மரத்துக் காயைத் தின்ன மாடு, சாணியோட விதையைப் போட்டுட்டுப் போகும், வயித்துல ஊறின விதை லேசா முளைக்கும். நம்ம நாட்டுக் கருவேலம் இருக்கு இல்லையா, சீமைக் கருவேலத்தைச் சொல்லல, பழைய கருவேலம், அது அங்கயும் சொந்த மரம். ங்கிதிலிக்குள்ள நிறைய நிக்குது.

மூடறதுன்னா முள்வேலி போட்டுட்டாப் போதும்னு நினைக்காதீங்க. யாரு மூடறது, எப்பத் தொறக்கறது, மீறினா என்ன, இதெல்லாம் ஊர் பேசி முடிக்கணும். அதுக்கு சுக்குமா ஊர்ல 'டகஷிடா'ன்னு ஒரு ஊர்சபை. சட்டம் அங்க போடுவாங்க. மீறினவங்களைப் பிடிக்கறது 'சுங்குசுங்கு'ங்கற ஊர்க்காவல். மாட்டுத் திருட்டைத் தடுக்க 1980கள் தொடக்கத்துல ஊரே உருவாக்கின படை அது. காட்டுக்கும் அதே காவல்தான். அபராதத்தை ஊரே விதிக்கும். பின்னாடி கிராமச் சட்டமா அரசு அதை ஏத்துக்கிட்டுது. 1999ல வந்த கிராம நிலச் சட்டமும் 2002ல வந்த வனச் சட்டமும் ஊர்க்காட்டுக்கு இன்னும் பலம் கொடுத்துச்சு. என்னைக் கேட்டா, ஷின்யாங்காவுல நட்டது ஒண்ணே ஒண்ணுதான், 'இது உன்னோடது'ங்கற நம்பிக்கை. மரம் வளந்தா அரசாங்கம் வந்து வனம்னு எடுத்துக்குமோங்கற பயம் இருக்கற வரைக்கும் எந்த விவசாயி மரத்தை வளரவிடுவான்?

பலன் என்னன்னு கேட்டா, 2000களோட தொடக்கத்துல 833 கிராமங்கள்ல, குறைஞ்சது 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல ங்கிதிலி திரும்பியிருந்துச்சு. அதாவது ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல. பறவை மட்டும் 145 வகை அந்தக் காடுகள்ல பதிவாச்சு. தான்சானிய அரசும் ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேந்து நடத்தின ஆய்வுல, இந்தக் காட்டுலேர்ந்து கிடைக்கற விறகு, தீவனம், கூரைப்புல், மருந்து, தேன் எல்லாத்தையும் விலை போட்டுப் பாத்தாங்க. ஒரு ஆளுக்கு மாசம் 14 டாலர் வந்துச்சு. அந்தக் காலத்துல தான்சானியக் கிராமத்துல ஒரு ஆளோட சராசரி மாசச் செலவே எட்டரை டாலர்தான். அந்த ஆய்வுல என் மனசுல நின்னது வேற ஒண்ணு. விறகு எடுக்கப் போற நேரத்துல நாளுக்கு 2லேர்ந்து 6 மணி நேரம் வரைக்கும் பொம்பளைங்களுக்கு மிச்சமாச்சு. ஆறு மணி நேரம்ங்க! தலையில சுமையோட வெயில்ல நடக்கற ஆறு மணி நேரம்.

இப்ப ரெண்டாவது கேள்வி, மக்களா, பணமா? மறைக்காம சொல்றேன், ரெண்டும்தான். ஹாஷி 2004 வரைக்கும் 18 வருஷம் நடந்த அரசுத் திட்டம். நார்வே நாட்டுப் பணம் வந்துச்சு. நைரோபியில இருக்கற வேளாண்காடு ஆராய்ச்சி மையம் தொழில்நுட்ப உதவி பண்ணுச்சு. பணமே இல்லாம எல்லாம் நடந்துச்சுன்னு நான் சொன்னா அது பொய். ஆனா அந்தப் பணம் பெரும்பாலும் ஊர் ஊராப் போய்ப் பேசறதுக்கும், கத்துக்கொடுக்கறதுக்கும் ஆச்சு. இவ்வளவு ஏக்கருக்கும் கன்னு வாங்கி நட்டு, ஆள் வச்சுக் காக்கணும்னா எந்த நாட்டுப் பணமும் பத்தாது.

குறையையும் சொல்லிடறேன், ஏன்னா போன காணொளியில அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. ங்கிதிலியில கிட்டத்தட்ட பாதி தனியார் நிலம். நிலமும் மாடும் அதிகம் இருக்கறவங்களுக்குப் பலனும் அதிகம். நிலமே இல்லாத குடும்பம் புல்லுக்குக் காசு கொடுக்கவேண்டி வருது. டகஷிடா பரம்பரையா ஆம்பளைங்க சபை. விறகு சுமக்கறது பொம்பளை, விறகுக்குச் சட்டம் போடறது ஆம்பளைன்னா அது எனக்குச் சரியாப் படல. காடு வந்ததும் கழுதைப்புலியும் திரும்பி வந்துச்சு, ஆட்டையும் கன்னுக்குட்டியையும் தூக்கிட்டுப் போச்சு. அந்த நஷ்டமும் அந்த ஏழைக் குடும்பத்துக்குத்தான்.

அம்மா, உங்க பள்ளிக்கூட நிலத்துக்கு வர்றேன். நானும் இருபது வருஷத்துக்கு முன்னாடி மாணவர்களோட சேந்து ஆயிரம் குழி தோண்டி நட்டவன். அடுத்த வருஷம் போய்ப் பாத்தப்ப நாங்க நட்டதுல நின்னது விரல் விட்டு எண்ணற அளவுதான். ஆனா குழி தோண்டறப்ப இடைஞ்சல்னு நாங்களே வெட்டிப் போட்ட புதர் அத்தனையும் திரும்பத் துளிர்த்திருந்துச்சு. அன்னைக்கு அது என்னன்னு எனக்குப் புரியல. அதனால இந்த வருஷம் நடறதுக்கு முன்னாடி, முதல் மழை பெஞ்சு ஒரு பத்து நாள் கழிச்சுப் பசங்களைக் கூட்டிக்கிட்டு அந்த நிலத்தைச் சும்மா நடந்து பாருங்க. எங்கெங்க தரையை ஒட்டித் துளிர் வருது, அது என்ன மரம், ஊர் ஆடு மாடு எந்த மாசம் எந்த வழியா உள்ள வருது, அது யாரோட ஆடு, இதை மட்டும் ஒரு நோட்டுல குறிச்சு எனக்கு அனுப்புங்க. சீமைக் கருவேலத்தைத் தனியாக் குறிக்கச் சொல்லுங்க, அதுக்கு வேற வைத்தியம். ஆட்டுக்காரங்களையும் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. நோட்டு வந்ததும் உங்க நிலத்தைப் பத்தியே தனியா ஒரு காணொளி போடறேன். சரி, அடுத்த கேள்வி.