ஐந்தாவது மீன் அவனுடையது

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் அம்மாமார், ஐயாமார், பிள்ளைகளே, வணக்கம்.

"டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் வீட்டுக்குப் பெரிதும் கைகொடுப்பது ஒழுங்கான பயிற்சியா, சிரிப்பா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பயிற்சி என்ற கொம்பைத் தோளில் சுமந்து வந்து பேசினார். நம் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்பு முறி விளையாட்டில், இரண்டு கொம்புகளைக் கொளுவி, வடசேரி, தென்சேரி என்ற இரு அணிகளும் வசை பாடிச் சிரித்துக்கொண்டுதான் இழுக்கும். அந்த உரிமையில் நானும் சிரிப்பின் பக்கம் நின்று இழுக்கிறேன். பயிற்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது என் வீட்டுக்குள் எந்த வாசலால் நுழைந்தது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மகனுக்கு இப்போது 11 வயது. அவன் பிறந்தபோது வைத்தியர் சொன்னார்: "எல்லோருக்கும் 21ஆம் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இரண்டு, இவனுக்கு மூன்று. இது யாருடைய பிழையும் இல்லை." லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்தப் பிள்ளைகளின் இயல்புகளை 1866இல் எழுதி வைத்தார். காரணம் அந்த மேலதிக நிறமூர்த்தம்தான் என்று உலகம் அறிய 1959 ஆகிவிட்டது. 93 வருடங்கள்! கிரகணத்தில் வெளியே போனாள், முன்வினை என்று எத்தனை தாய்மார் பழி சுமந்திருப்பார்கள்? அந்தப் பழி எங்கள் வாசல்வரையும் வந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் செத்தவீட்டுக்கு வந்த முகத்தோடு வந்தார்கள். "யாரைப் போல இருக்கிறான்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் அதுவல்லவா முதல் கேள்வி?

தசைகள் தளர்வாக இருப்பதால் இந்தக் குழந்தைகளின் நாக்கு அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கும். என் அம்மா அவனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "வந்தவர்களுக்கெல்லாம் பழிப்புக் காட்டுகிறான் பாருங்கள். அழுத முகத்தோடு வந்தால் அவன் வேறு என்ன செய்வான்?" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். பார்த்தால், சிரித்தது நான்தான். அதற்குப் பிறகே அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். மூக்கு தகப்பனுடையது.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். எண் படிப்பிக்க அட்டைகள் வாங்கினோம். கட்டிலுக்குக் கீழே எறிந்தான். திட்டினேன், இன்னும் தூரமாக எறிந்தான். இந்தப் பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிதில் மனதில் பதியும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தந்தார். என் கணவர் வாவியில் வலை போடுபவர். ஒரு விடியற்காலை அவனைக் கரையில் இருத்தி, மணலை என்னும் மீன்களை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த மீனை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "எனக்கு" என்றான். கரையில் நின்ற ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாளும் அதே இடத்தில் அதே சொல். பல மாதங்கள் எங்கள் வீட்டில் நான்குக்குப் பிறகு வந்த எண் "எனக்கு". ஐந்தாவது மீன் தனக்குத்தான் என்ற ஆசையிலேயே அவன் மற்ற நான்கையும் பிழையின்றி எண்ணினான். இன்று நூறு வரை எண்ணுகிறான். ஐந்து வரும்போது மட்டும் தகப்பனைப் பார்த்துக் கண்சிமிட்டுவான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார்: "இதயத்தில் ஓட்டையோடு பிள்ளை கிடக்கும்போது எந்தத் தாய் சிரிப்பாள்?" எந்தத் தாயும் சிரிக்கமாட்டாள். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும், அவனுக்கும் இருந்தது. இரண்டு வயதில் அவனை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு இரவுப் பஸ்ஸில் போனேன். மன்னம்பிட்டி தாண்டியும் கண்ணீர் நிற்கவில்லை. சத்திரசிகிச்சை முடியும்வரை சிரிப்பு என் பக்கமே வரவில்லை. இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்தாம் நாள், நெஞ்சில் கட்டோடு படுத்திருந்தவன், குனிந்த வைத்தியரின் நெஞ்சுத் துடிப்புக் கேட்கும் குழாயைப் பறித்து அவருடைய மூக்கில் வைத்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் சிங்களப் பெண். அதுவரை எங்களுக்குள் பேச மொழி இருக்கவில்லை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றுதான் நான் சோறு சாப்பிட்டேன்.

ஒரு பொய்ச் சிரிப்பும் உண்டு. "இவர்கள் தெய்வக் குழந்தைகள், எப்போதும் சந்தோஷமாகவே இருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் சிரிப்பு. என் மகனுக்குக் கோபம் வரும், தங்கையிடம் பொறாமை வரும், காரணம் சொல்லாமல் அழுவான். ஒரு காலத்தில் அவனைச் "சொல்வழி கேளாதவன்" என்றார்கள். பரிசோதித்துப் பார்த்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. காது கேளாத பிள்ளைக்குச் சொல்வழி எப்படிக் கேட்கும்? செவியையும் தைரொயிட்டையும் ஒழுங்காகப் பார்க்கத்தான் வேண்டும். கிளினிக் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சிரிக்கும் வீடு அல்ல எங்களுடையது.

அவனைப் பார்த்துச் சிரிப்பவர்களையும் பஸ்ஸில் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காக நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டுச் சிரிப்பைத் தொடக்கி வைப்பவனே அவன். மூன்று இருபத்தொன்று என்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் நாள் உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 2012இலிருந்து ஐக்கிய நாடுகள் சபையும் அதைக் கொண்டாடுகிறது. அன்று சோடி சேராத காலுறைகளை அணிவது வழக்கம். சென்ற முறை தங்கை மறந்துபோய் இரண்டு வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வந்தாள். இவன் இடுப்பில் கை வைத்து, என் குரலிலேயே சொன்னான்: "என்ன பிள்ளை இது? இரண்டும் ஒரே மாதிரி! கழற்று!"

நடுவர் அவர்களே, அவன் அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறான். எதிரணி பேசியபோதும் பலமாகக் கைதட்டினான். "ஏன் மகன்?" என்று சைகையால் கேட்டேன். "அந்த மாமாவும் பாவம்" என்று பதில் வந்தது. வந்த நேரத்திலிருந்து அவன் கண் உங்கள் மேசையில் உள்ள மணியின் மேல்தான். என் நேரம் முடிந்துவிட்டது. அவனைக் கூப்பிடுங்கள், அவனே அடிக்கட்டும்.