“பாய்க்கு இவ்வளவு விலையா?” கண்காட்சிக் கடையில் பத்தமடைப் பாய் விற்கும் வித்தை

[காட்சி: மேசை மேல் விரித்த பாய். இரண்டு கைகள் அதைப் புடவை மாதிரி மடித்துத் தோள்பைக்குள் வைக்கின்றன.]

பார்த்தீர்களா? இது துணி இல்லை, பாய். ஆற்றங்கரையில் முளைக்கிற கோரையில் நெய்தது. 1953-ல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து இப்படி ஒரு பாய்தான் பரிசாகப் போனது. ஆனால் இன்றைக்கு இதையே கைவினைக் கண்காட்சியில் கடை போட்டு வைத்தால், வருகிற முதல் ஆள் கேட்பது: “பாய்க்கு இவ்வளவு விலையா?” நாம் வாய் திறக்கும் முன்னே நம் கடையே இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். அது எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக: பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர், தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், புவிசார் குறியீடு. சரி, கடைக்குப் போவோம்.

பாய் நெய்கிற அக்கா ஒருவருக்கு உதவியாக ஒரு பத்து நாள் கண்காட்சியில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு நாள், எல்லாப் பாயையும் ஜவுளிக்கடை மாதிரி பின்சுவரில் தொங்கவிட்டிருந்தோம். ஜனங்கள் தூரத்திலிருந்தே பார்த்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அக்கா தன் பையிலிருந்து ஒரு பிடி கோரையை எடுத்து முன்மேசையில் போட்டார். “தம்பி, ஒரு தட்டு கொண்டா” என்றார். அன்றைக்குத்தான் வியாபாரம் ஆரம்பித்தது.

[காட்சி: எவர்சில்வர் தட்டு. அதில் நான்கு சின்னக் கட்டுகள். மிக அருகில்.]

இந்தத் தட்டை நன்றாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதல் கட்டு, அறுத்த கோரைத் தண்டு. விரலிடையில் உருட்டினால் மூன்று பக்கமும் விளிம்பு தட்டுப்படும். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி சோறு இருக்கும். இரண்டாவது, தண்டைக் கீறி, சோற்றை வழித்துவிட்டு வெயிலில் காயவைத்தது. மூன்றாவது, அதைக் கட்டாகக் கட்டி, மேலே கல் வைத்து, ஆற்றில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்து மறுபடி உலர்த்தியது. ஓடுகிற தண்ணீரில்தான் போட வேண்டுமாம். தேங்கின தண்ணீரில் போட்டால் கறுத்து நாறிவிடும் என்றார் அக்கா. நான்காவது, சாயம் ஏற்றியது. இந்தக் கடைசி இழை ஒன்றை எடுத்துத் தையல் நூல் பக்கத்தில் வைத்தால், எது நூல் எது புல் என்று ஒரு நிமிடம் திகைக்க வேண்டும்.

அப்புறம் தறி. இதில் துணித் தறி மாதிரி குறுக்கே ஓடுகிற நாடா கிடையாது. நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு ஊடாக ஒவ்வொரு இழையாகச் செலுத்தி, அச்சால் தட்டிச் சேர்க்கிறார்கள். பாவு பருத்தி நூல். பட்டுப் பாய் என்று சொல்கிற நயமான பாய்க்கு நெசவின் நயத்தைச் சொல்கிற ‘கவுண்ட்’ கணக்கு 100 முதல் 140 வரை போகும். ஒரு பாய் முடிய வாரக்கணக்காகும்.

இப்போது அக்கா செய்த வேலையைக் கேளுங்கள். சாதாரணக் கோரைப் பாய் ஒன்றையும் பட்டுப் பாய் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, “ஒரு விரற்கடைக்குள் எத்தனை கோரை ஓடுது, எண்ணிச் சொல்லுங்க” என்று வருகிறவர்களிடம் சொன்னார். சாதாரணப் பாயில் எல்லோரும் எண்ணி முடித்துவிட்டார்கள். பட்டுப் பாயில் பாதியில் கண் தடுமாறி நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னப் பையன் மூன்று தடவை முயற்சி செய்தான். அவன் எண்ணி முடிப்பதற்குள் அவன் அம்மா இரண்டு மேசை விரிப்பை எடுத்து வைத்துவிட்டார்! அதனால் நான் அடித்துச் சொல்வேன்: உங்கள் கடையில் கால்வாசி இடத்தைச் சரக்குக்கு இல்லாமல் இந்தத் தட்டுக்கே கொடுங்கள்.

விலைக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு மேசை விரிப்பு. கோரை, நூல், சாயம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேர வேலை, மணிக்கு 75 ரூபாய் கூலி என்றால் 450. கடை வாடகை, ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் 20,000. 200 உருப்படி விற்பீர்கள் என்றால் ஒன்றுக்கு 100. ஆக அடக்கமே 610. “அண்ணே, கடைசியா 500-க்குத் தாங்க” என்று கேட்டு நீங்களும் தலையாட்டினால், அந்த 110 ரூபாய் நெய்தவர் கூலியிலிருந்து போகிறது. பாதிப் பேர் வாடகையையும் ரயிலையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். குறைத்துத்தான் தர வேண்டும் என்றால், இரண்டு வாங்குகிறவருக்குக் குறையுங்கள்.

யுபிஐ அட்டையைக் கண்ணில் படும்படி வையுங்கள், சில்லறையும் வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஈரம். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு ராத்திரி மழை பெய்து, தரையில் அடுக்கியிருந்த ஆறு பாய் அடியில் நனைந்துவிட்டது. காலையில் வெயில் வரவில்லை. இரண்டு பாயில் பூஞ்சை பிடித்தது. அக்கா ஒன்றும் பேசாமல் அவற்றை ஓரமாகச் சுருட்டி வைத்தார். பலகை போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். ராத்திரி தார்ப்பாய் மூடுங்கள்.

[காட்சி: கல்யாணப் பாய். ஓரத்தில் நெய்த எழுத்துகள்.]

கடைசியாக, கண்காட்சி முடிந்த பிறகும் வேலை கொடுக்கிற சரக்கு இது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிற கல்யாணப் பாய். மாதிரிக்கு ஒன்றே ஒன்றை மேசையில் வைத்துவிட்டு ஆர்டர் நோட்டைத் திறந்து வையுங்கள். பாதிப் பணம் முன்பணம். பெயரை வாங்குகிறவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘ர’வா ‘ற’வா என்ற சந்தேகம் தறியில் ஏறிய பிறகு வரக் கூடாது.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி பெயர் போட்ட பாய் இருக்கிறதா? பரணில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எந்த வருஷத்துக் கல்யாணம் என்று கமெண்டில் எழுதுங்கள், அக்காவிடம் நானே படித்துக் காட்டுகிறேன்.