உங்கள் தெருவின் தலையெழுத்து எந்த அறையில் எழுதப்படுகிறது? நகரத் திட்டமிடல் பற்றி ஒரு விளக்கம்

[திரையில்: ஒரு விளக்குக் கம்பம். அதில் ஒட்டிய வெள்ளைத் தாள், மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருக்கிறது.]

வணக்கம். இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பொடி எழுத்து. மேலே ஒரு கோப்பு எண், கீழே ஒரு கையெழுத்து. நடுவில் இரண்டே வாக்கியம்: "மேற்படி நிலத்தின் பயன்பாட்டைக் குடியிருப்பிலிருந்து வணிகமாக மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்."

இந்தக் கம்பத்தைத் தாண்டி எத்தனை பேர் நடந்து போயிருப்பார்கள்! ஆனால் அந்தத் தெருவில் இனி லாரி வருமா, எதிர்வீட்டு மாடி எவ்வளவு உயரும், மழைத்தண்ணீர் எங்கே போகும், வாடகை என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

நான் முதன்முதலில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனது இப்படி ஒரு தாளைப் படித்துவிட்டுத்தான். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று படம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அதிகாரி கடைசியில் சொன்னார்: "நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் இந்தச் சாலை வணிகச் சாலை என்று முழுமைத் திட்டத்திலேயே முடிவாகிவிட்டது. அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது."

முழுமைத் திட்டம் என்றால் 'மாஸ்டர் பிளான்', நகரம் எங்கே எப்படி வளர வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கும் திட்டம். அந்த மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்ன என்பதுதான் இன்றைய வீடியோ.

[திரையில்: ஒரு நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு பகுதியாக நிறம் ஏறுகிறது: மஞ்சள், சிவப்பு, ஊதா, பச்சை.]

ஒரு நகரத்தின் முழுமைத் திட்டத்தைத் திறந்தால் முதல் பக்கங்களில் அழகான வார்த்தைகள் இருக்கும். பசுமையான நகரம், எல்லோருக்கும் வீடு, நெரிசல் இல்லாத சாலை. இவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அதனாலேயே அந்தப் பக்கங்களிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. நகரத்தின் உண்மையான முன்னுரிமை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இந்த நிற வரைபடம். இன்னொன்று, பணம் எந்த வேலைக்கு முதலில் போகிறது என்ற பட்டியல்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று வரையறுப்பதை மண்டலப்படுத்தல் என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஜோனிங்' என்ற சொல்தான் பேச்சில் அதிகம் புழங்குகிறது. இது ஏன் தேவைப்பட்டது?

[திரையில்: நியூயார்க், 1915. தெரு ஓரத்திலிருந்து நேராக எழும் ஒரு பெரிய கட்டடம்.]

1915-இல் நியூயார்க்கில் ஈக்விடபிள் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது. ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைவான நிலத்தில் ஏறக்குறைய 12 லட்சம் சதுர அடி. அதாவது நிலத்தின் பரப்பைப் போலக் கிட்டத்தட்ட 30 மடங்கு தளப்பரப்பு! எங்கும் உள்வாங்காமல் நடைபாதையிலிருந்து சுவர்போல நேராக எழுந்து நின்றது. சுற்றியிருந்த தெருக்களும் கட்டடங்களும் வெயிலை இழந்தன. அதற்கு முன்பே நடந்துவந்த விவாதத்துக்கு இந்தக் கட்டடம் வேகம் கொடுத்தது. 1916-இல் நியூயார்க் நகரம் முழுவதற்குமான மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே போகப் போகக் கட்டடம் உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்றது விதி. அந்தக் காலத்து நியூயார்க் கட்டடங்கள் படிப்படியாக ஒடுங்கிப் போவதற்கு இதுதான் காரணம். தெருவுக்கு வெளிச்சம் வேண்டும் என்ற முன்னுரிமை அப்படியே கல்லிலும் இரும்பிலும் தெரிகிறது.

ஆனால் அதே கருவி வேறு கைக்கும் போயிற்று. ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர், நிலத்தை வகைவகையாகப் பிரித்து, சில இடங்களில் தனிவீடு மட்டும்தான் கட்டலாம் என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926-இல் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில், தனிவீடுகள் உள்ள பகுதிக்கு வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றே எழுதியிருக்கிறார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. தனிவீடு வாங்க முடியாதவர்கள் வாழும் கட்டடம் அல்லவா அது? வரைபடத்தில் குடியிருப்புக்கான மஞ்சள் நிறம் பூசும்போது, இங்கே யார் குடிவரலாம் என்பதையும் சேர்த்தே பூசுகிறோம்.

[திரையில்: வெறும் மனை. 1,000 சதுர மீட்டர்.]

சரி, ஒரு கணக்குப் போடுவோம். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனையின் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. 1,000 சதுர மீட்டர் மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால், எல்லாத் தளமும் சேர்த்து 1,500 சதுர மீட்டர் கட்டலாம். மனையில் பாதியை மட்டும் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டால் மூன்று தளம்.

இதில் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், படிக்கட்டு, நடைவழி போகப் பன்னிரண்டு வீடு தேறும். இப்போது விதிப்புத்தகத்தில் இன்னொரு வரி: "வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் இடம் கட்டாயம்." ஒரு கார் நிற்க ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அது மட்டும் போதுமா? உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி வேண்டும். அதையும் சேர்த்தால் காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர். இருபத்து நான்கு காருக்கு 600 சதுர மீட்டருக்கு மேல் ஆகிவிடும். கட்டடம் போக மிச்சமிருப்பதே 500-தான்!

[திரையில்: கார் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழ விழ, மரங்களும் முற்றமும் மறைகின்றன. பிறகு வீடுகளும் குறைகின்றன.]

அப்புறம் என்ன ஆகும்? பூமிக்கடியில் தோண்ட வேண்டும், அதற்குச் செலவு அதிகம், வீட்டின் விலை ஏறும். இல்லாவிட்டால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கார் இல்லாதவரும் கார் நிறுத்தும் இடத்துக்குச் சேர்த்துத்தான் பணம் கட்டுவார். "எல்லோருக்கும் வீடு" என்று முதல் பக்கத்தில் எழுதிய அதே நகரம், பின்னால் எங்கோ ஒரு வரியில் "முதலில் காருக்கு இடம்" என்று எழுதி வைத்திருக்கிறது. இரண்டில் வெல்வது பின்னால் இருக்கும் அந்த வரிதான். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் இந்தக் கட்டாயத்தை நகரம் முழுக்க எடுத்துவிட்டது. கார் நிறுத்தும் இடம் எவ்வளவு என்பதைக் கட்டுபவரே முடிவு செய்யலாம் என்றாயிற்று.

மண்டல விதியே இல்லாத நகரம் என்று அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சொல்வார்கள். அங்கும் ஒரு வீட்டு மனை குறைந்தது இத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 1998-இல் நகரின் உள்பகுதியில் அந்த அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க வழி செய்தார்கள். ஒரு வீடு இருந்த மனையில் மூன்று வீடு எழத் தொடங்கியது. மாறியது ஓர் எண்தான்!

நியூசிலாந்தின் ஆக்லாந்து இன்னும் துணிந்தது. 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்ட அனுமதித்தது. அதன் பிறகு கட்டட அனுமதி பெறும் வீடுகளின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது.

[திரையில்: தெருவின் குறுக்குவெட்டு. தார், மண், குழாய்கள்.]

ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது, பணத்தின் வரிசை. மேலே வீடு இரட்டிப்பானால் கீழே இருக்கும் கழிவுநீர்க் குழாய் தானாக விரிந்துவிடாது. குழாய், குடிநீர், பேருந்து, பள்ளி எல்லாம் முதலில் வர வேண்டுமா, வீடு வந்த பிறகு வந்தால் போதுமா? என் கருத்து இது: குழாயும் போக்குவரத்தும் முன்னால் போக வேண்டும். பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்ட குழாய், பெரும்பாலும் சாக்கடை வீட்டுக்குள் புகுந்த பிறகுதான் போடப்படுகிறது.

இப்படிச் சேர்த்து யோசித்த நகரம் பிரேசிலின் குரிட்டிபா. 1974-இல் பேருந்துக்கென்றே தனி வழித்தடம் திறந்தார்கள். உயரமான கட்டடங்களுக்கு அந்த வழித்தடங்களை ஒட்டித்தான் அனுமதி என்று வைத்தார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் பேருந்து, பேருந்து ஓடும் இடத்தில் மக்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் 1947-லேயே விரித்த கைபோல ஒரு திட்டம் வரைந்தது. ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாக நகரம் வளரலாம், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்க வேண்டும் என்றது. எங்கே கட்டக் கூடாது என்று முதலிலேயே சொன்னதுதான் அந்தத் திட்டத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் முன்னுரிமை என்று எழுதும் அதிகாரி உண்மையில் எதையும் முடிவு செய்யவில்லை. பிறகு யார் வலுவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு விதிவிலக்கு கிடைக்கும். ஒரு மனைக்கு ஒரு தளம் கூடுதல், இன்னொரு மனைக்குக் கட்டடத்தின் பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடத்தில் சலுகை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதுதான். பத்து வருஷம் கழித்து வரைபடத்தையும் தெருவையும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு ஊராக இருக்கும்.

[திரையில்: ஒரு காலக்கோடு. இடது ஓரத்தில் கணக்கெடுப்பு, வரைவு. வலது ஓரத்தில் கம்பத்துத் தாள்.]

இந்தக் கோட்டைப் பாருங்கள். நாம் பெரும்பாலும் வலது ஓரத்தில்தான் போய் நிற்கிறோம். பேச்சு எடுபடுவதோ இடது ஓரத்தில். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் மக்களை அந்த இடது ஓரத்துக்கே அழைத்தது. நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் எந்த வேலை முதலில் என்று ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசி வரிசைப்படுத்தினார்கள். முன்னால் வந்தவற்றில் கழிவுநீர் வசதியும் தெருப்பணியும் இருந்தன.

அப்படி அழைக்காத நகரத்திலும் செய்யக்கூடியது இருக்கிறது. முழுமைத் திட்டம் அடுத்து எப்போது திருத்தப்படுகிறது என்று திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வரைவு வெளியானதும் உங்கள் தெரு எந்த நிறம் என்று பாருங்கள். பிறகு முதலீட்டுப் பட்டியலை எடுத்து, அதே தெருவுக்குக் குழாய்க்குப் பணம் எந்த ஆண்டில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். நிறம் அடுத்த வருஷமே மாறி, குழாய் ஏழு வருஷம் கழித்து என்றிருந்தால், ஆட்சேபணைக் கடிதத்தில் அந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

நானும் அடுத்த திருத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். தண்ணீர் தேங்கும் இடத்தைக் குறித்த அந்தப் படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.