சந்தடிக்கு அடுத்த நிறுத்தம்: ஈக்வடார் கரையில் ஒரு பேருந்துப் பயணம்

அவைத்தலைவர் அவர்களே, ஊர் சுற்றுவதில் ஆர்வம் கொண்ட நண்பர்களே, வணக்கம்.

தென் அமெரிக்கா என்றவுடன் அமேசான் காடும் மச்சு பிச்சுவும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்திருப்பதோ, முதுகில் ஒரு பையுடன் உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கியே சென்றுவிடக்கூடிய ஈக்வடாரின் பசிபிக் கரையைப் பற்றி. அங்குள்ள கடற்கரைச் சாலைக்கு ஸ்பாண்டிலஸ் என்னும் முள்சிப்பியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மழை வேண்டித் தெய்வங்களுக்குப் படைப்பதற்காக ஆண்டிஸ் மலை மக்கள் பொன்னினும் மேலாகப் போற்றிய இச்சிப்பி, இக்கரையில் மூழ்கி எடுக்கப்பட்டுத்தான் மலையேறியது.

குவாயாகில் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் மொந்தஞீத்தா வந்துவிடும். அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் இரவெல்லாம் பாட்டுச் சத்தம் ஓயாது. பெரும்பாலான பயணிகள் அங்கேயே இறங்கிவிடுவதால், இறங்காமல் உட்கார்ந்திருப்பவருக்கே அமைதி வாய்க்கிறது. கப்பல் வடிவில் தேவாலயம் நிற்கும் ஒரு குன்றைத் தாண்டினால் ஓலோன். அதே கடல்தான், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு. அதற்கும் வடக்கே, பச்சை மலைகள் சாலையை நெருங்கிவரும் இடத்தில் இருக்கிறது அயாம்பே. இந்தப் பேருந்துகளைச் சாலையோரத்தில் எங்கு நின்று கைகாட்டினாலும் நிறுத்துவார்கள். 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரே அந்நாட்டின் நாணயம் என்பதால், நடத்துனரிடம் இருபது டாலர் தாளை நீட்டிச் சங்கடப்படாமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் கடலோர மாகாணங்களில் போதைப்பொருள் கும்பல்களின் வன்முறை பெருகி, 2024 சனவரியில் அரசு அவற்றுக்கு எதிராக ராணுவத்தையே இறக்க நேர்ந்தது. ஆகவே பகல் பேருந்துகளில் மட்டுமே செல்லுங்கள்.

எப்போது போவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டத்தின் வலு ஓங்கியிருக்கும் சூன் முதல் நவம்பர் வரை வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும், தூறலும் உண்டு. வெயிலும் வெதுவெதுப்பான கடலும் கூட்டமும் திசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். வெயிலும் வேண்டும், தனிமையும் வேண்டும் என்பவர்களுக்கு இக்கரை ஏமாற்றமே தரும். நானாக இருந்தால் மேகத்தையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் ஈன்று இனம் பெருக்க இங்கு வருவது அம்மேக மாதங்களில்தான். இந்த நீரோட்டம் தளர்ந்து கடல் சூடேறுவதற்கே எல் நீனோ என்று பெயர். நம் பாட்டனார் காலத்துத் தாது வருடப் பஞ்சத்துக்குப் பின்னால் 1877ஆம் ஆண்டின் வலுவான எல் நீனோ இருந்தது என்பதை எண்ணினால், அந்தக் கடல் நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

பயணத்தின் உச்சம், அயாம்பேக்கும் வடக்கே உள்ள மீனவ ஊரான புவெர்த்தோ லோபெஸ். காலையில் மீனவர்கள் படகுகளிலிருந்து கூடைகளைச் சுமந்து கரையேற, போர்க்கப்பற்பறவைகள் பாய்ந்து மீனைப் பறிக்கும். அங்கிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில், 1979இல் அமைந்த மச்சாலீயா தேசியப் பூங்காவுக்குள் லோஸ் ஃபிராய்லெஸ் கடற்கரை இருக்கிறது. வாயிலில் இறங்கிப் பெயரைப் பதிந்துவிட்டு, பாலோ சாந்தோ மரங்கள் மணக்கும் வறண்ட காட்டு வழியே நடந்தால், இரு பாறை முனைகளுக்கிடையே பிறைபோல் வளைந்த மணற்பரப்பு கண்ணில் படும். விடுதி இல்லை, கடை இல்லை. குடிநீரை நாமே சுமந்து செல்லவேண்டும். இரவு தங்க அனுமதி கிடையாது. பிற்பகலிலேயே காவலர்கள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். சாலைக்குத் திரும்பி வந்து, தெற்கே போகும் பேருந்துக்குக் கைகாட்ட வேண்டியதுதான்.