பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்

வணக்கம். வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது, விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் ஆசை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் தயாரான கார். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் காரின் கிளட்ச் பிளேட்டைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். எஞ்சினோடு சேர்ந்து ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுகிறது. பிரஷர் பிளேட் பின்னாலிருந்து அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு சுற்றும் வட்டுதான் கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும், காலை எடுத்தால் பிடிக்கும். அதன் இரு முகத்திலும் பிடிப்புக்காகப் பொருத்தியிருக்கும் லைனிங் தேய்ந்துவிட்டால் மேட்டில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி வேகமெடுக்காது, ஒரு கருகல் வாடை வரும்.

என் வண்டிக்கு அந்த வாடை வந்தது. ஹெரால்டில் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். முன்சீட்டுகளைக் கழற்றி, தரைவிரிப்பைச் சுருட்டி, நடுவிலுள்ள கூண்டைத் தூக்கினால்தான் கியர்பாக்ஸ் தெரியும். முழுசாக ஒரு நாள் வேலை. அதையெல்லாம் செய்துவிட்டு, பழைய பிளேட்டைப் பட்டறையிலேயே போட்டுவிட்டு, கடைக்குப் போய் "ஹெரால்டு பிளேட்" என்று வெறும் வாயால் கேட்டேன். கொடுத்தார்கள். அங்குலக் கணக்கு சரியாக இருந்தது, கியர்பாக்ஸ் ஷாஃப்டிலும் ஏறியது. மாட்டினோம். பெடலை அடிவரை மிதித்து ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று பல் அரைக்கிறது! கிளட்சை இயக்கும் எண்ணெய் சிலிண்டரின் ரப்பர் கெட்டிருக்கும் என்று அதை மாற்றினோம். அப்போதும் கறகறதான். மறுபடி சீட்டு, விரிப்பு, கூண்டு, கியர்பாக்ஸ், எல்லாம் வெளியே.

மெக்கானிக் அண்ணன் என் வீட்டிலிருந்து கொஞ்சம் சப்பாத்தி மாவு கேட்டார். ஃபிளைவீலின் நடுவிலுள்ள போல்ட் தலைகள்மேல் உருண்டை உருண்டையாக ஒட்டினார். புதுப் பிளேட்டை வைத்து, பிரஷர் பிளேட்டை இறுக்கி, மறுபடி கழற்றினார். மாவு காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது. ஓர் இடத்தில் போல்டின் இரும்பே தெரிந்தது. புதுப் பிளேட்டின் நடுப்பகுதி, அதாவது ஸ்பிரிங்குகள் இருக்கும் இடம், சற்றே தடிமன். அது போல்டில் உரசிக்கொண்டே இருந்ததால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பழைய பிளேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். காரின் பெயரை நம்பிப் போகாதீர்கள். இத்தனை வருடத்தில் யார் எந்த எஞ்சினை, எந்த கியர்பாக்ஸை மாற்றி வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? இரண்டையும் மேசையில் அடுத்தடுத்து வையுங்கள். விட்டத்தை அளந்து பாருங்கள்; ஹெரால்டுக்கு ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நடு ஓட்டையின் பற்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவந்தாலும் விட்டுவிடாதீர்கள், பல்லின் அகலம் வேறாக இருக்கலாம். கியர்பாக்ஸ் ஷாஃப்டில் போட்டுப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் தொளதொளவென்று ஆடக் கூடாது. அப்புறம் நடுப்பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

கடையில் சிலர், "சார், இதைப் போடுங்க, நல்லாப் பிடிக்கும்" என்று செராமிக் பிளேட்டைக் காட்டுவார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. நம் 948 சி.சி. எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம். வெடுக்கென்று பிடிக்கும், சிக்னலில் வண்டி உதறும். அந்த உதறல் பின்னாலுள்ள ஆக்சிலுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும்; ஹெரால்டில் அவை ஏற்கெனவே பலவீனமானவை. சாதாரண ஆர்கானிக் லைனிங்கே போதும். நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டுக்குப் பதிலாக ஸ்பிரிங் இல்லாததை வாங்காதீர்கள். எஞ்சின் கொடுக்கும் அதிர்வை அந்த ஸ்பிரிங்குதான் தாங்கிக்கொள்கிறது.

புதிது கிடைக்கவில்லையா? கவலைப்படாதீர்கள். பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ரிவெட் அடித்துக் கொடுக்கும் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. எனக்கு அதுவே பிடித்த வழி, ஏனென்றால் நடுப்பகுதி உங்கள் வண்டியுடையதாகவே இருக்கும். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கக் கூடாது, பற்கள் தேய்ந்திருக்கக் கூடாது. இன்னொன்று, பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஃபிளைவீலை லேத்தில் தேய்ப்பது, ஆயில் கசிவு, இவற்றையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சரி, ஒரே ஒரு விஷயம். புதுப் பிளேட்டை மாட்டுமுன் கையில் கிரீஸ் இல்லாமல் கழுவிக்கொள்ளுங்கள், லைனிங்கைத் தொடாதீர்கள். ஃபிளைவீலுக்குப் பின்னால் எண்ணெய் ஈரம் தெரிந்தால் முதலில் அந்தக் கசிவை அடைத்துவிட்டு, அப்புறம் பிளேட்டை மாட்டுங்கள். வணக்கம்.