கோட்டி ஆட்டம்

(தக்கலை பக்கத்தில் ஓர் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகசாலைப் பொறுப்பாளர்களே, அண்ணாச்சிமாரே, அக்காமாரே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

நோட்டீசில் என் பேருக்கு நேரே ‘உடல்நலம் காப்போம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பேச டாக்டர்மார் உண்டு. நான் 32 வருஷம் விசில் ஊதிச் சம்பளம் வாங்கியவன். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் எழுதி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் இந்த மேடைக்கு முன்னால் சாயங்காலம் ஒன்றைப் பார்த்தேன். அதோடு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

நான் நாலரைக்கே வந்துவிட்டேன். மைக்செட் தம்பி பெட்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். நாற்காலி எல்லாம் காலி. எங்கிருந்தோ ஒரு பெண்பிள்ளை வந்தாள், நாலு வயசு இருக்கும். ஒரு கையில் பாதி கடித்த முந்திரிக்கொத்து. அதைக் கீழே விடாமல் ஆடினாள் பாருங்கள், தலை ஒரு திசை, இடுப்பு ஒரு திசை, கால் மட்டும் மண்ணைக் கிண்டுகிற கோழி மாதிரி. தாளத்துக்கும் அவளுக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. பாட்டு நின்றது, அவள் நிற்கவில்லை. இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றி, தலை கிறங்கி, மண்ணில் உட்கார்ந்து, முந்திரிக்கொத்தின் மிச்சத்தைத் தின்றாள்.

ஆறு மணிக்குக் கூட்டம் நிறைந்தது. மறுபடி பாட்டு. மறுபடி எழுந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்து, “சும்மா இரி மக்ளே, ஆளுவ பாக்காவ” என்றாள். இதோ, இப்போது கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை அம்மா, நீங்கள் முகம் திருப்ப வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அந்த இழுப்பு ஒருநாள் கிடைத்ததுதான். அதற்கப்புறம் நாம் யாரும் எழுந்திருக்கவே இல்லை.

நம்மூர்ப் பேச்சில் இதற்குக் கோட்டி ஆட்டம் என்பார்கள். கோட்டி என்றால் கிறுக்கு. மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் அதுவே ‘வட்டு’. கொஞ்சம் கூடுதலாகச் சாடிக் குதித்தால் போதும், “என்னடே, கோட்டி பிடிச்சுதா?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டிக்கு வக்காலத்து வாங்கத்தான் இன்றைக்கு நிற்கிறேன்.

என் தொழில் இதற்கு நேர் எதிர். ஓடுகிற பையன் கையைக் குறுக்கே வீசினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று கத்துவேன்: “சக்தியை வீணாக்காதே!” வேகமாக ஓட அதுதான் சரி. உடம்பு எதையும் சிந்தாமல் போக வேண்டும், குடத்தில் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரி.

2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ஓர் ஆய்வு வந்தது. 22 வயதிலிருந்து 71 வயது வரை 13 பேர். அவர்களை முதலில் வழக்கம்போல நடக்கவிட்டார்கள். பிறகு, ஒரு பழைய ஆங்கில நகைச்சுவைக் காட்சியில் வருகிற கோணங்கி நடை ஒன்று உண்டு, காலைத் தூக்கி எறிந்து, முழங்காலை மடக்கி, ஒழுங்கே இல்லாத நடை, அப்படி நடக்கவிட்டார்கள். உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்கிறது என்று அளந்தார்கள். சாதாரண நடையைவிட அந்தக் கோணங்கி நடைக்குச் சுமார் இரண்டரை மடங்கு சக்தி செலவானது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 75 நிமிஷம் கடும் உடற்பயிற்சி வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? அதை நாளைக்குச் சுமார் 11 நிமிஷம் இப்படிக் கோணலாக நடந்தே ஈடுகட்டிவிடலாமாம். சிரிப்புக்காக வெளியிட்டதுதான். ஆனால் அளந்த அளவு நிஜம்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே இருந்தேன். 32 வருஷம் ‘வீணாக்காதே’ என்று கத்தியிருக்கிறேன். பந்தயத்தில் ஜெயிக்கிறவனுக்கு அது சரி. பந்தயமே இல்லாத ஆளுக்கு? சர்க்கரை கூடிப்போய், சாப்பிட்டதைச் செலவழிக்க வழியில்லாமல் நிற்கிறவருக்கு, வீணாக்குவதுதானே வேலை? சரியாக ஆடுகிறவனைவிடத் தப்பாக ஆடுகிறவனுக்கு வியர்வை கூடுதல். நல்ல நடனக்காரர்களுக்கு இந்த லாபம் கிடையாது. பாவம், அவர்கள் பழகிவிட்டார்கள்.

‘இதெல்லாம் நம் பண்பாடா’ என்று ஒரு குரல் பின்னால் கேட்கிறது. யாரும் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொள்கிறேன். துணங்கை என்று ஒரு கூத்து சங்கப் பாட்டுகளில் வருகிறது. தமிழாசிரியர்கள் ‘ஒருவகைக் கூத்து’ என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். அது எப்படி ஆடுவது? ரெண்டு கையையும் முழங்கையில் மடக்கி, விலாவில் அடித்து அடித்து ஆடுவது. கொஞ்சம் செய்து பார்க்கிறேன், சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். (கூட்டத்தில் சிரிப்பு.) என்ன மாதிரி இருக்கிறது? சேவல் இறக்கை அடிக்கிற மாதிரி இல்லையா? பாலவாடிப் பிள்ளைகள் ஆடுகிற கோழி ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதை ஆடியவர்கள் யார் தெரியுமா? சேர மன்னன் ஆடியிருக்கிறான். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். அவன் துணங்கைக் கூட்டத்தில் இறங்கி, ஆடுகிற பெண்களோடு கைகோத்து ஆடிவிட்டான். அரண்மனைக்கு வந்தால் அரசிக்குக் கோபம். கையிலிருந்த சிறு செங்குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். ஊரை எல்லாம் ஜெயித்தவன், “அந்தப் பூவைக் கொடு” என்று கை நீட்டி நிற்கிறான். அவள் கொடுக்கவில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்புலவர் இதைப் பாடி வைத்திருக்கிறார். ராஜா ஆடினான் என்பதில் புலவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனதும் பட்ட பாடுதான் அவருக்கு ருசியான விஷயம்.

ராஜா இறங்கி ஆடிய காலம் போய், ராஜா உட்கார்ந்து பார்த்த காலம் வந்தது. இங்கேதான் பத்மநாபபுரம் அரண்மனை. நவராத்திரி மண்டபத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி மினுங்குகிற கருந்தரை. அதில் தேர்ந்த கலைஞர்கள் ஆடுவார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் மரச்சட்ட அழிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். அந்த வேலைப்பாட்டை நானும் வியந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்த அழிக்குப் பின்னால் நின்ற கால்களைத்தான் நினைப்பேன். மத்தளம் கேட்டதும் அந்தக் கால்கள் சும்மாவா இருந்திருக்கும்?

இன்றைக்கு நாம் எல்லாரும் அழிக்குப் பின்னால்தான். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் சிங்காரி மேளம் வருகிறது. செண்டையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள் அடித்துக்கொண்டே முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். நமக்குத் தோள் துடிக்கிறது. உடனே கை எங்கே போகிறது? பாக்கெட்டுக்கு, போனை எடுக்க. (அருள் வந்து ஆடுகிறவரை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு, அதன் மரியாதை வேறு.)

ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் ஆடுகிறோம், உண்மை. எப்போது? உள்ளே ஒரு குவாட்டர் போன பிறகு. அப்புறம் வேட்டி அவிழ்வது, சண்டை, மறுநாள் தலைவலி. கெட்ட பெயர் ஆட்டத்துக்கு! குடித்தது ஆட அல்ல, வெட்கத்தைக் கொல்ல. வெட்கத்தைக் கொல்ல அதைவிட மலிவான வழி இருக்கிறது. வீட்டுக் கதவைச் சாத்தினால் போதும்.

பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகளை ஆடவைத்து ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள், 2015-இல் வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு இறுக்கம் தாங்குகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒரே மாதிரி சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்குவது கூடியது. மூச்சு வாங்க ஆடியவர்களுக்கும், ஒத்து ஆடினாலும் ஆடாவிட்டாலும், தனியாக அது கூடியது. ஒத்து வந்தால் நல்லது, வராவிட்டாலும் மூச்சு வாங்கினால் போதும். என் கட்சிக்கு இது போதுமான சாட்சி.

இனி என் சொந்தத் தப்பு ஒன்று.

பல வருஷத்துக்கு முன்னால் ஆண்டுவிழாவுக்கு ஒரு குழு ஆட்டம் பழக்கினேன். அதில் ஒரு பையனுக்கு வலது கால் போனால் வலது கையும் கூடப் போகும். அணிவகுப்பிலும் அப்படித்தான். எத்தனை சொல்லியும் மாறவில்லை. ஆனால் சந்தோஷமாக ஆடுவான், பல் எல்லாம் தெரிய. நிகழ்ச்சிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அவனை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு, “நீ தண்ணிக் குடத்துப் பக்கம் இரு, பிள்ளைகளுக்குத் தண்ணி கொடு” என்றேன். எனக்கு அது ஓர் ஏற்பாடு. அவன் எதுவும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தான். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. நான் அதை மறந்துவிட்டேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு டிசம்பர் ராத்திரி. நம்மூரில் கேரல் கோஷ்டி எல்லா வீட்டுக்கும் வருமே, கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு, எந்த மதத்துக்காரர் வீடு என்று பார்க்காமல். பதினொரு மணி இருக்கும். டிரம் சத்தம் கேட்டு முற்றத்துக்கு லைட் போட்டேன். சிவப்பு உடை, ரப்பர் முகமூடி, வயிற்றில் தலையணை. தாத்தா ஆடினார் பாருங்கள், தெரு நாய்கூட விலகி நின்றது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வலது கால் போகும்போது வலது கையும் போகிறது.

என் வீட்டுக்காரிக்கு முட்டுவலி. ரெண்டு வருஷமாக நாற்காலியை விட்டு எழுந்தால் முனகல்தான். தாத்தா போய் அவள் முன்னால் கை நீட்டினார். “அய்யோ, எனக்க முட்டு” என்றாள். அவர் விடவில்லை. தூக்கவும் இல்லை. தானும் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளை மட்டும் குலுக்கி ஆட ஆரம்பித்தார். அவளுக்குச் சிரிப்பு. உட்கார்ந்தபடியே அவளும் தோளைக் குலுக்கினாள். அப்புறம் கையை. முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல் ஆடினாள். கல்யாணமான நாள் முதல் அவள் ஆடி நான் பார்த்ததில்லை.

மிட்டாய் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது வாசல் கேட்டுப் பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முகமூடியைத் தூக்கினான். வியர்வை சொட்டுகிறது. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவன், நாலு மணிக்கு எழ வேண்டும். “எப்பிடி சாரே தெரிஞ்சுது?” என்றான். “உனக்க கையும் காலும் சொல்லிச்சு” என்றேன். “நீங்க மாத்தச் சொன்னீங்க சாரே, மாறல்ல.” அவன் சிரித்தான். அந்தத் தண்ணிக் குடத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, அதற்குள் டிரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்காலச் சாயாவுக்கு முன்னால் ரெண்டு பாட்டு. பேத்தி வந்திருந்தால் அவள்தான் தலைவி. அவள் எது செய்தாலும் நாங்களும் செய்ய வேண்டும். யானை, புட்டுக்குடம், மழையில் நனைந்த ஆடு, அன்றைக்கு எதுவோ அது. முட்டுக்காரி நாற்காலியில் இருந்தபடி, நான் சுவரோரம். மூச்சு வாங்கினால் நிறுத்துவோம். நெஞ்சுவலிக்காரர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஈரமான மொசைக் தரையில் மட்டும் ஆடாதீர்கள், அது ஆட்டமல்ல, ஆஸ்பத்திரி. முட்டு சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வலி இருக்கிறது. ஆனால் சாயா போட அவளே எழுந்து போகிறாள்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். போன் அடுத்த அறையில் இருக்கும். ஒரு தடவை மருமகன் ஒளிந்து வீடியோ எடுத்தான். அன்றைக்கு எல்லாரும் திடீரென்று ஒழுங்காக ஆட ஆரம்பித்துவிட்டோம். பார்க்கவே சகிக்கவில்லை.

வில்லுப்பாட்டுக் குழு வந்து குடத்தைத் தட்டிப் பார்ப்பது கேட்கிறது. அவர்கள் நேரத்தை நான் தின்றுவிட்டேன். இறங்குகிறேன். பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம், முதல் வரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இடம் வேண்டும்.