சாக்கடைக்கு வரி பிரித்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க நோட்டும் கையுமாக நானும் இரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். "அப்புறம் வாங்க தம்பி" என்று அனுப்பிய வீடுகளை இன்றும் வரிசையாகச் சொல்வேன். எவ்வளவு என்பதைவிட யார் கையில் கொடுக்கிறோம் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். சரி, அது இருக்கட்டும். இன்று நான் பேச வந்தது கராச்சியில் சாக்கடைக்கு வரி பிரித்ததைப் பற்றி.

கராச்சியின் வடமேற்கில், முறையான அனுமதியில்லாமல் வளர்ந்த ஊர் ஓரங்கி. 1980இல் அங்கே லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். சொந்தக் காசில் வீடு கட்டிக்கொண்டவர்கள். கழிவு மட்டும் வாளியிலும் குழியிலும் தேங்கியது. குழி நிரம்பினால் சந்தில் ஓடியது. அந்த வருஷம் அங்கே வேலை தொடங்கினார் அக்தர் ஹமீத் கான். 1940களிலேயே பிரிட்டிஷ் ஆட்சியின் உயர் அதிகாரப் பணியான ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டு, பிறகு இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கொமில்லாவில் கூட்டுறவுகளை வளர்த்தவர். மக்களிடம் பேசியபோது அவருக்கு ஒன்று புரிந்தது. வீட்டு வாசல் வரைதான் தங்களுடையது, சந்து சர்க்காருடையது. அதனால் சாக்கடையை சர்க்காரே இலவசமாகப் போட்டுத்தர வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அந்தச் சாக்கடையை மக்களே போட்டுக்கொள்ள வழிகாட்டும் திட்டம் ஒன்றைக் கான் தொடங்கினார். அதன் அலுவலகச் செலவுக்கு ஒரு வங்கியின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. சந்துக்குள் குழாய் போடும் செலவு சந்துக்காரர்களுடையது. 20 முதல் 40 வீடுகள் கொண்ட ஒரு சந்து கூடிப் பேசி, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டு கேட்டால்தான் அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். மட்டம் பார்ப்பார், வரைபடமும் செலவுக் கணக்கும் தருவார், கருவிகளை இரவல் கொடுப்பார். பணத்தை மட்டும் தொடவே மாட்டார். வசூல், சண்டை, சமாதானம் எல்லாம் சந்துக்குள்ளேயே. என் பார்வையில் அந்த வேலை நிலைத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

ஒப்பந்தக்காரரின் லாபமும் நடுவில் போகிற கமிஷனும் இல்லை. ஆள்நுழைகுழிகளை, அதாவது மேன்ஹோல்களை, இரும்பு அச்சு வைத்து அங்கேயே கான்கிரீட்டில் வார்த்தார்கள். வீட்டுக் கழிப்பறை, தெருக்குழாய் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1000 பாகிஸ்தான் ரூபாய்தான் ஆனது. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கலவை விகிதமும், கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்பதும் தெரியாமல் முதலில் போட்ட சில சந்துகளில் வேலை சொதப்பியது. அதை ஆராய்ந்து, பிறகு துண்டுப் பிரசுரம் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்துக் குழாய்களில் பெரும்பாலானவை கடைசியில் போய்ச் சேர்ந்தது இயற்கை ஓடைகளில். பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் சந்து வசூலில் முடிகிற காரியமில்லை. அது அரசின் பங்கு. இதைச் சொல்லாமல் ஓரங்கியைப் புகழ்கிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். அந்தப் பங்கை அரசிடம் கேட்பதற்காகவே எல்லாச் சந்துகளையும் ஓடைகளையும் வரைபடமாக்கிய திட்டக்காரர்களுக்குத் தலைமை தாங்கியவர் கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான். நகரத்தின் நிலம் யார் கைக்குப் போகிறது, தண்ணீர் எங்கே திருடப்படுகிறது என்பதையும் அவர் பதிவுசெய்தார். 2013 மார்ச் 13 அன்று, வேலை முடிந்து காரில் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.